இ20 பெட்ரோலால் வண்டி லீன் ஓடுகிறது, பி0171 – வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா?

10 ஆகஸ்ட் 2025, காலை

நேராகவே சொல்லிவிடுகிறேன். இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், என் வண்டியைக் கெடுத்துவிட்டது.

2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், பிஎஸ்4, 94,000 கிலோமீட்டர். வீட்டுக்கு ஒரே வண்டி. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, பாப்பாவுக்குப் பள்ளி, ஊரிலிருந்து அரிசி மூட்டை, எல்லாம் இதில்தான். ஜூலைக் கடைசியில் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் அரை நிமிடம் நடுக்கம். ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் கிளம்பினால் ஒரு நொடி மூச்சு நின்று பிறகு இழுக்கிறது. மேட்டில் பிக்கப் இல்லை, மிஸ்ஸிங் வேறு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

மெக்கானிக் அண்ணன் ஸ்கேனர் போட்டு வண்டி சொல்லும் பிழைக் குறியீட்டைப் பார்த்துவிட்டு, "பி0171, லீன் சார். பெட்ரோல் பத்தல, இல்ல காத்து ஜாஸ்தி" என்றார். எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் பெட்ரோல் பத்தவில்லை. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

10 ஆகஸ்ட் 2025, இரவு

"பேட்டரியைக் கழற்றி மாட்டு, சரியாகிவிடும்" என்று நான்கு பேர் சொல்லியிருக்கிறீர்கள். செய்தேன். விளக்கு அணைந்தது. வண்டி முன்பைவிட மோசமாக ஓடுகிறது. நாளை பார்க்கிறேன்.

13 ஆகஸ்ட் 2025

விளக்கு திரும்ப வந்துவிட்டது.

ஆனால் ஏன் மோசமாக ஓடியது என்று புரிந்தது. ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், இத்தனை நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலைக் கூட்டிக்கூட்டி வண்டியைச் சமாளித்து வந்திருக்கிறது. அந்தக் கணக்கைத்தான் பேட்டரியைக் கழற்றி நான் அழித்துவிட்டேன். பாவம், முதலிலிருந்து படித்துக்கொண்டு வந்திருக்கிறது. நோயாளிக்கு மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு "இப்போது சீட்டில் ஒன்றும் இல்லையே" என்று சந்தோஷப்பட்ட கதை.

15 ஆகஸ்ட் 2025

விடுமுறை நாள், இரண்டு சோதனை.

ஒன்று, பாட்டில் சோதனை. கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி பெட்ரோல். குலுக்கி வைத்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். கீழே இருந்த 20, 36 ஆனது. 80க்கு 16, அதாவது இருபது சதவீதம். பம்ப்காரர் ஏமாற்றவில்லை, சொன்ன இ20தான். (மொட்டை மாடியில், அடுப்பிலிருந்து தள்ளி வைத்துச் செய்தேன். அப்படியும் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இரண்டு, எழுநூறு ரூபாய்க்கு புளூடூத் ஓபிடி அடாப்டர் (ஈசியு சொல்வதைப் படிக்கும் கருவி) வாங்கி ஃபோனில் இணைத்தேன். ஃபியூல் ட்ரிம் என்று ஒரு எண் வருகிறது. ஈசியு தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோல் சேர்க்கிறது என்பது அது. பிளஸ் என்றால் சேர்க்கிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. எனக்கு பிளஸ் 1, பிளஸ் 2 என்றே ஆடுகிறது. அப்படியென்றால் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? ஸ்கேனர் பொய் சொல்கிறதா?

17 ஆகஸ்ட் 2025

நான்தான் முட்டாள். பார்த்தது ஷார்ட் டெர்ம் ட்ரிம் மட்டும், அந்தந்த நொடிக்கான திருத்தம். லாங் டெர்ம் என்று, ஈசியு நாள்பட படித்து வைத்த திருத்தம், பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது, அதையும் கூட்டிப் பார்க்க வேண்டுமாம். சுட்டிக்காட்டியவருக்கு ஒரு கும்பிடு.

கூட்டினால் ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் சும்மா ஓடும்போது) பிளஸ் 11. நின்ற இடத்தில் 2,500 ஆர்பிஎம் பிடித்தால் பிளஸ் 15. பத்துக்குள் இருந்தால் கவலை இல்லை என்கிறார்கள்.

17 ஆகஸ்ட் 2025, பிறகு

எத்தனால் கணக்கைப் பேப்பரில் போட்டேன், என் கட்சிக்கே ஆதரவாக வரவில்லை.

சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் கலவைக்கு 13.5 பக்கம் வருகிறது. இ10க்கு 14.1. ஆக இ10லிருந்து இ20க்கு மாறினால் அதே காற்றுக்கு நாலரை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். வண்டி வந்த காலத்தில் எத்தனால் இதைவிடக் குறைவு, அதனால் ஐந்து ஆறு என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்கு 15 காட்டுகிறது. மிச்சம் ஒன்பது பத்து எங்கிருந்து வந்தது?

தலைப்பை மாற்ற முடியவில்லை, அப்படியே இருக்கட்டும்.

24 ஆகஸ்ட் 2025

வேக்குவம் லீக். யூடியூபில் எந்த வீடியோவைத் திறந்தாலும் இதுதான். மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயில், எங்கோ ஓட்டை, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, அதனால் லீன்.

கண்டுபிடிக்கப் புகை மெஷின் வேண்டும். திண்டுக்கல்லில் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். மீதியைச் சொல்லவே வேண்டாம். மூடி போட்ட பெயின்ட் டப்பா, அதற்குள் கங்கும் சாம்பிராணியும், பாப்பாவின் பலூன் பம்ப், ஒரு மீட்டர் ஹோஸ். ஏர் ஃபில்டர் பக்கம் துணியால் அடைத்துவிட்டு ஊதினேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டிக்கு திருஷ்டி கழிக்கிறியா?"

சிரிக்கட்டும். ஓட்டை கிடைத்தது! பிசிவி ஹோஸின் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் குழாய்) அடிப்பக்கம், கைக்குப் படாத இடத்தில், விரல் நீளத்துக்கு வெடிப்பு. அங்கிருந்து புகை நூலாகக் கிளம்பியது. ஹோஸ் 180 ரூபாய். நாளை மாட்டுகிறேன். கதை முடிந்தது.

26 ஆகஸ்ட் 2025

கதை முடியவில்லை.

ஹோஸ் மாற்றியாயிற்று. ஐடில் 950லிருந்து 780க்கு இறங்கி அமைதியாக நிற்கிறது, அது நல்லது. ட்ரிம்? ஐடிலில் 11, 2,500ல் 15. இம்மி அசையவில்லை.

இன்னொன்று. மேலே எழுதிய சாம்பிராணி வைத்தியத்தை யாரும் செய்யாதீர்கள். அது பிசின். புகை போன இடமெல்லாம் ஆறியதும் ஒட்டிக்கொள்கிறது. உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைத் திறந்து பார்த்தேன், பட்டாம்பூச்சித் தகட்டின் ஓரமெல்லாம் பழுப்புப் பூச்சு. கிளீனர் அடித்துத் துடைக்க ஒரு மணி நேரம். தவிர, பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கங்கு வைத்திருக்கிறேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. ஏசி போட்டால் இன்னும் பெருமாள் கோயில் வாசனை.

31 ஆகஸ்ட் 2025

2,800 ரூபாய்க்கு முன் பக்க ஆக்சிஜன் சென்சார் மாற்றினேன். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து லீனா இல்லையா என்று ஈசியுவுக்குச் சொல்வது அதுதான். மாற்றம் இல்லை. இதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

1 செப்டம்பர் 2025

சரி, கேட்டுவிட்டீர்கள். "பழைய சென்சார் கெட்டுப்போனது என்று எப்படித் தெரிந்தது?" தெரியவில்லை. அதுதான் பிரச்சினை. அது 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஒழுங்காகத்தான் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. லீன் என்று சொன்னவனையே சந்தேகப்பட்டுவிட்டேன். பழையதைத் துடைத்து டப்பாவில் வைத்திருக்கிறேன், யாருக்காவது வேண்டுமா?

இன்னொருவர் கேட்டது: சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு பொய்யாக லீன் காட்டுமே என்று. காட்டும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட இல்லை.

6 செப்டம்பர் 2025

நீளமாக எழுதப்போகிறேன். மூன்று வாரம் தப்பான மரத்தில் ஏறிக்கொண்டிருந்தேன் என்பது இன்றுதான் புரிந்தது.

வீடியோக்களில் வரும் பெரிய வண்டிகளில் மாஃப் சென்சார் இருக்கிறது. உள்ளே போகும் காற்றை வாசலிலேயே அளந்துவிடும். அதற்குப் பின்னால் ஓட்டை இருந்தால் அங்கே நுழையும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் குறையும், ட்ரிம் ஏறும். ஐடிலில் அதிகமாக ஏறும், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் குறையும். காரணம், ஐடிலில் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், மொத்தக் காற்றும் கொஞ்சம், அதனால் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும்.

என் வண்டியில் மாஃப் கிடையாது! மேப் சென்சார்தான். நம்மூர்ச் சின்ன வண்டிகள் நிறைய இப்படித்தான். இது வாசலில் நிற்பதில்லை. மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்து, அதையும் ஆர்பிஎம்மையும் காற்றின் வெப்பத்தையும் வைத்துக் காற்றைக் கணக்குப் போடுகிறது. ஓட்டை வழியாகக் காற்று வந்தால் உள்ளே அழுத்தம் கூடும். மேப் அதைப் பார்த்துவிடும். ஈசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுக்கும். ஆக லீன் ஆவதற்குப் பதில் ஐடில் ஏறும். என் 950 அதுதான். ஹோஸ் வெடிப்பு உண்மை, ஐடில் ஏறியதும் உண்மை. ஆனால் பி0171க்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வீட்டில் இரண்டு திருடன்கள் இருந்திருக்கிறார்கள், சின்னவனைப் பிடித்துவிட்டுக் கேஸை மூடப் பார்த்தேன்.

நம்பிக்கை இல்லாமல் ஒரு சின்ன வேக்குவம் ஹோஸை வேண்டுமென்றே கழற்றிவிட்டுப் பார்த்தேன். ஐடில் சர்ரென்று ஏறியது. மேப் 34லிருந்து 41 கிலோபாஸ்கல். ட்ரிம் ஒரு நிமிடம் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது.

என் எண்ணைத் திரும்பப் பாருங்கள். ஐடிலில் 11, 2,500ல் 15. குறையவில்லை, ஏறுகிறது. இன்ஜின் அதிகம் கேட்கக் கேட்க அதிகம் பத்தாமல் போகிறது. அப்படியென்றால் காற்று அல்ல, பெட்ரோல்.

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "எங்க காலத்துல ஏர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுத்து வெச்சா முடிஞ்சது" என்றார். கார்புரேட்டர் வண்டியில் அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜெட் ஊதிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை.

7 செப்டம்பர் 2025

சிறுமலை போனோம். மேட்டில் சுமையோடு எண்களைப் பார்க்க வேண்டும், அதற்கு 18 கொண்டை ஊசி வளைவு போதும். மனைவி ஓட்டினாள், நான் பக்கத்தில் ஃபோனோடு. ஓட்டுபவர் ஃபோனைப் பார்க்கக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது வளைவிலேயே ட்ரிம் பிளஸ் 25. அதற்கு மேல் போகவில்லை, ஈசியுவின் எல்லை அதுதான் போல. "இப்ப ஃபுல்லா மிதி" என்றேன். ஃபுல் த்ராட்டிலில் ஈசியு சென்சார் பேச்சைக் கேட்காது. தானாகவே பெட்ரோலைக் கூட்டிக் கலவையைக் கொழுப்பாக்கும், சென்சார் 0.8, 0.9 வோல்ட் காட்டியாக வேண்டும். எனக்கு 0.1, அதாவது லீன். கூடவே கிணிகிணி என்று நாக்கிங் சத்தம். காலை எடுக்கச் சொல்லிவிட்டேன். லீனாக வைத்துக்கொண்டு மேட்டில் மிதிப்பது பிஸ்டனை அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

"என்னங்க, இதுக்குத்தான் மலைக்கு வந்தோமா?" என்று கேட்டாள். மலைப்பழம் இரண்டு சீப்பு வாங்கிக் கொடுத்து சமாதானம்.

7 செப்டம்பர் 2025, இரவு

இன்னொரு முட்டாள்தனம். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கிறது. விளக்கு எரிந்த அந்த நொடியில் வண்டி என்ன செய்துகொண்டிருந்தது என்று ஈசியு எழுதி வைத்திருக்கும். இன்றுதான் திறந்தேன். வேகம் 34, ஆர்பிஎம் 2,100, லோடு 82 சதவீதம், கூலன்ட் 88 டிகிரி. சூடான இன்ஜின், குறைந்த வேகம், ஏறக்குறைய முழுச் சுமை. மேடு! முதல் நாளே திறந்திருந்தால் சாம்பிராணியும் இல்லை, 2,800ம் இல்லை.

14 செப்டம்பர் 2025

ஃபியூல் பிரஷர் பார்த்தாயிற்று. இதை வீட்டில் செய்யவில்லை. கேஜ் மாட்ட ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் குழாய்) தனி வாய் கிடையாது, லைனை நடுவில் பிரித்து டி போட வேண்டும், பெட்ரோல் அழுத்தத்தோடு பீய்ச்சும். அண்ணன் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, லைனில் இருந்த அழுத்தத்தைத் தீர்த்த பிறகுதான் கை வைத்தார். பக்கத்தில் தீயணைப்பான்.

இருக்க வேண்டியது 3.0 பார். இருந்தது ஐடிலில் 2.6. 2,500 ஆர்பிஎம்மில் 2.4. கேஜை வைப்பருக்குக் கீழே கண்ணாடியில் தெரியும்படி கட்டிக்கொண்டு மேம்பாலம் ஏறினோம். 2.0.

கணக்குப் பிரியர்களுக்கு: பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வழியாக வரும் அளவு, அதன் இரு பக்கத்து அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மேட்டில் மேனிஃபோல்டில் உறிஞ்சல் கிட்டத்தட்டப் பூஜ்யம், ஆக வித்தியாசம் 3க்குப் பதில் 2. மூன்றில் இரண்டின் வர்க்கமூலம் 0.82. அதைச் சரிக்கட்ட 22 சதவீதம் கூடுதலாக வேண்டும். மேலே எத்தனாலின் ஐந்து. 25ஐத் தாண்டுகிறது, ஈசியு கையை விரிக்கிறது. ஐடிலில் மேனிஃபோல்டு உறிஞ்சல் இன்ஜெக்டருக்கு உதவி செய்கிறது. 3.65க்குப் பதில் 3.25 என்று வருவதால் ஆறு சதவீதம்தான் குறை, எத்தனாலோடு 11. அப்படியே என் ஃபோனில் வந்த எண். ஒரு மாதத்தில் முதல்முறையாக ராத்திரி தூக்கம் வந்தது.

அண்ணன் தீர்ப்பு: "பம்ப் போச்சு சார். அசெம்பிளியா மாத்திருவோம், ஏழாயிரத்து ஐநூறு."

15 செப்டம்பர் 2025

மாற்றவில்லை. ஆக்சிஜன் சென்சார் இன்னும் டப்பாவில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

பிரஷர் குறைய மூன்று வழி. பம்பே தேய்ந்திருக்கலாம், ஃபில்டரோ டேங்க்குக்குள் இருக்கும் வலையோ அடைத்திருக்கலாம், பம்புக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகாமலும் இருக்கலாம். மூன்றாவதைப் பார்க்க மல்டிமீட்டர் போதும், காசு செலவில்லை. அதை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்?

20 செப்டம்பர் 2025

பின் சீட்டைத் தூக்கினால் பம்பின் மூடி. கனெக்டரைப் பிரிக்காமல் பின்பக்கமாக ஊசி நுழைத்து, இன்ஜின் ஓடும்போதே அளந்தோம். பேட்டரியில் 14.1 வோல்ட், பம்பில் 11.5. இரண்டரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகிறது. பாசிட்டிவ் பக்கம் இழப்பு 0.3 மட்டும். எர்த் பக்கம் 2.3!

அண்ணன் நம்பவில்லை. வண்டியை அணைத்து மீட்டரை பஸ்ஸரில் வைத்து எர்த் ஒயரைத் தொட்டார். பீப் என்றது. "பாருங்க சார், எர்த் நல்லா இருக்கு." இதில் நானும் ஒரு நிமிடம் குழம்பினேன். பம்ப் இழுப்பது ஐந்து ஆம்பியர் மாதிரி. அதற்கு 2.3 வோல்ட் இழக்க அரை ஓம்கூட வேண்டாம். மீட்டர் பஸ்ஸர் அரை ஓமுக்கும் பீப் அடிக்கும், இருபது ஓமுக்கும் அடிக்கும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் தெரியும்.

பிறகு பேட்டரி நெகட்டிவிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை இழுத்து பம்பின் எர்த் பின்னில் கொடுத்தோம். கேஜ் முள் 2.6லிருந்து எழுந்து 3.0க்குப் போய் நின்றது. ஆக்சிலரேட்டரை முறுக்கினாலும் அசையவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

பம்ப் நல்ல பம்ப். வலையும் ஃபில்டரும் அடைக்கவில்லை. ஆனால் அந்த எர்த் ஒயர் பாடியில் எங்கே போய் முடிகிறது என்று தெரியவில்லை, கார்பெட்டுக்கு அடியில் நுழைந்து மறைந்துவிட்டது. இருட்டிவிட்டது.

28 செப்டம்பர் 2025

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவ வேண்டும் என்று மனைவி பின் சீட்டு, கார்பெட் எல்லாவற்றையும் கழற்றிக் காயப்போடச் சொன்னாள். "ஒரு புளிச்ச வாடை வருதுங்க, எனக்கு மட்டும்தான் தெரியுதா?" என்று ஜூனிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் சாம்பிராணி வாசனையை வைத்து சமாளித்துவிட்டேன்.

இடது பக்கப் படியோரம் கார்பெட்டை உரித்தால், அடியில் எர்த் போல்ட். போல்ட் என்றுகூடச் சொல்ல முடியாது. பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து, ஒயர் நுனியின் வளையம் பாதி கரைந்து, விரலால் தொட்டால் உதிர்கிறது. சுற்றிலும் கார்பெட் அடியில் மஞ்சளாகக் காய்ந்த கறை.

மோர்.

போன பங்குனி உத்திரத்துக்கு, ஒட்டன்சத்திரம் பக்கம் பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர்களுக்கு நீர்மோர் கொடுத்தோம். இருபது லிட்டர் கேன் பின் சீட்டில். வேகத்தடையில் ஏறிய வேகத்துக்கு மூடி தெறித்து பாதி கேன் கார்பெட்டில். மேலே துடைத்தோம், வெயிலில் நிறுத்தினோம், மறந்துவிட்டோம். புளிப்பு, உப்பு, ஈரம், மேலே கரண்ட் வேறு. இரும்பையும் செம்பையும் தின்ன இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏப்ரலில் கொட்டியது, ஜூலைக் கடைசியில் விளக்கு.

மூடியைச் சரியாகத் திருகாதது யார் என்ற விசாரணை வீட்டில் நடக்கிறது. நான் கலந்துகொள்ளவில்லை.

29 செப்டம்பர் 2025

செய்தது: பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பாடியை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கெட்ட ஒயரை நல்ல செம்பு வரும்வரை வெட்டி, புது வளையம் வைத்து நசுக்கி, புது போல்ட். இறுக்கிய பிறகு மேலே கிரீஸ். நடுவில் அல்ல, மேலே. ஒயர், வளையம், போல்ட் எல்லாம் சேர்த்து 60 ரூபாய். எர்த் இழப்பு இப்போது 0.05 வோல்ட்.

அண்ணன் கூலி வாங்க மறுத்தார். பூஜைக்குப் பொரிகடலை, பழம் கொடுத்து அனுப்பினோம்.

5 அக்டோபர் 2025

ஒரு வாரம் ஓட்டிய பிறகு: ஐடிலில் பிளஸ் 5. 2,500ல் பிளஸ் 5. இன்று மறுபடி சிறுமலை, மேட்டில் பிளஸ் 6. ஃபுல் த்ராட்டிலில் சென்சார் 0.87. நாக்கிங் இல்லை. காலையில் ஒரே திருகில் பிடிக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிற்கும் அந்த ஐந்து, பேப்பரில் போட்ட எத்தனால் கணக்கோடு ஒத்துப்போகிறது. மோரின் குணம் வேறு, சுமை ஏற ஏற அதுவும் ஏறியது.

8 அக்டோபர் 2025

"அப்போ இ20 மேல பழி போட்டதுக்கு மன்னிப்பு கேட்பீங்களா?" என்று ஒருவர். பாதிதான் கேட்பேன். போன வருடப் பெட்ரோலாக இருந்திருந்தால் இதே கெட்ட எர்த்தோடு மேட்டில் இருபது பக்கம் நின்றிருக்கும், விளக்கு இன்னும் சில மாதம் கழித்து வந்திருக்கலாம். ஏற்கெனவே தலைக்கு மேல் போன தண்ணீருக்கு எத்தனால் ஒரு சாண் சேர்த்தது. மைலேஜ் குறைந்தது பற்றிய கோபம் தனி, அதை நான் வாபஸ் வாங்கவில்லை. 16.5 கொடுத்த வண்டி இப்போது சரியான பிறகும் 15.6தான்.

மறுபுறம், இ20 அந்த விளக்கை எரியவைக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் லீனாகவே மேட்டில் மிதித்துக்கொண்டிருப்பேன். எதற்கு நன்றி சொல்வது, எதைத் திட்டுவது என்று தெரியவில்லை.

11 அக்டோபர் 2025

26 ஆகஸ்ட் குறிப்புக்கு ஒரு திருத்தம். த்ராட்டில் பாடியைத் துடைத்த பிறகு ஐடிலை ஈசியு திரும்பப் படிக்க வேண்டும், நான் அதைச் செய்யவில்லை. 780ல் நின்றது என் அதிர்ஷ்டம். சில வண்டிகளில் துடைத்ததும் ஐடில் ஏறிக்கொள்ளும். அப்போது வேக்குவம் லீக் என்று நினைத்து மறுபடி என்னைப் போல அலைய வேண்டாம்.

6 செப்டம்பர் குறிப்புக்கும். "மேப் வண்டியில் வேக்குவம் லீக்கால் ட்ரிம் மாறவே மாறாது" என்று நான் எழுதியதாக ஒருவர் மேற்கோள் காட்டுகிறார். அப்படிச் சொல்லவில்லை. ஓட்டை ஒரே சிலிண்டரின் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அந்த ஒன்று மட்டும் லீனாகி மிஸ் அடிக்கும், ட்ரிம்மும் ஏறும். என் ஓட்டை நாலுக்கும் பொதுவான இடத்தில் இருந்தது.

2 நவம்பர் 2025

மோட்டார் சைக்கிளுக்கும் இது பொருந்துமா என்று கேட்டவருக்கு: இன்ஜெக்ஷன் பைக் என்றால் பொருந்தும், கார்புரேட்டர் என்றால் என் அப்பாவைக் கேளுங்கள். அவர் இப்போது வீட்டு வாசலில் போகிற பைக்கை எல்லாம் நிறுத்தி எர்த் இழப்பு அளந்து தருகிறார். மீட்டரை என்னிடமிருந்து வாங்கி மூன்று வாரம் ஆகிறது.

பழைய ஆக்சிஜன் சென்சார் இன்னும் இருக்கிறது. தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.